மூணாவது ஆள்

பாண்டியன் எதையும் முழுசாகப் பார்க்காமல் தொட மாட்டான். ஆம்பூர் மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கப் போனால் கூடையில் இருக்கும் அத்தனை காயையும் ஒரு முறை புரட்டுவான். காம்பைப் பார்ப்பான், அடியைப் பார்ப்பான், வெயிலில் திருப்பிப் பார்ப்பான். "இன்னாப்பா, காய் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்று கடைக்காரம்மா கேட்பாள். பெண் பார்க்கப் போன அன்றும் அவன் அப்படித்தான் இருந்தான். நாட்றம்பள்ளியில் பூங்குழலி வீட்டில் கொடுத்த காபி ஆடை கட்டும்வரை சுவர், கூரை, காலண்டர், வாசலில் கிடந்த செருப்புகள் என்று எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டுக் கடைசியில்தான் பெண்ணைப் பார்த்தான். "செருப்ப பாத்த நேரத்துல பாதி கூட என்னைப் பாக்கல" என்று அவள் பத்து வருஷமாகச் சொல்லிக்காட்டுகிறாள்.

தொழில் அப்படி. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினான்கு வருஷமாகக் கட்டிங்கில் நிற்கிறான். புது ஆளாக இருந்தால் மேஜையில் தோலை விரித்த கையோடு இரும்பு அச்சை எடுத்து வைத்து வெட்டத் தொடங்கிவிடுவான். பாண்டியன் தொட மாட்டான். தோலை வெளிச்சத்துக்குச் சாய்ப்பான். ஆடு உயிரோடு இருந்த காலத்தில் முள்வேலியில் கீறிக்கொண்ட இடம், உண்ணி கடித்த இடம், நரம்பு ஓடிய இடம் என்று ஒவ்வொன்றாகத் தேடி வெள்ளிப் பென்சிலால் சுழிப்பான். முதுகுப் பக்கம் கெட்டியாக இருக்கும். ஷூவின் மூக்குத் துண்டு அங்கே. வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று இருக்கும். உள்ளே மறைந்துபோகும் துண்டுகள் அங்கே. முழுத் தோலும் மனசில் படமாக ஏறிய பிறகுதான் அச்சு இறங்கும். இறங்கினால் தப்பாது. கட்டிங் மாஸ்டர் அப்துல் ஹமீத் பாய் புதிதாகச் சேர்பவர்களை அவன் மேஜைக்குப் பக்கத்தில் நிறுத்தி, "கையப் பாக்காதீங்கப்பா. அவன் கண்ணு எங்க போவுதுன்னு பாருங்க" என்பார்.

கம்பெனிக்கு லாபமாக இருந்த அந்தக் கண் வீட்டுக்குப் பேஜாராக இருந்தது. அதனால்தான் மகள் பூர்ணிமாவின் மஞ்சள் ரப்பர் பேண்ட் விவகாரமே வந்தது.

பூர்ணிமா மூன்றாம் வகுப்பு. அவளோடு படிக்கும் இரம் என்ற பெண்ணுக்குப் பிறந்தநாள் வந்தது. இரமின் வீட்டார் வகுப்புப் பெண்களை வேனில் ஏற்றி வேலூருக்கு, சத்துவாச்சாரியில் புதிதாகத் திறந்திருந்த ஒரு விளையாட்டுக் கூடத்துக்குக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. தரையில் விளக்கு எரியும், அதை மிதித்து ஆட வேண்டும். பிள்ளைகள் அதை லைட்டு கேம் என்றார்கள். பெற்றோர் கையெழுத்துப் போட ஒரு தாள் வந்தது. பாண்டியன் அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொண்டான். வேன் யாருடையது, டிரைவர் யார், ஒன்பது பிள்ளைகளோடு எத்தனை பெரியவர்கள் போகிறார்கள், திரும்ப எத்தனை மணி ஆகும் என்று யோசித்தான். "பாத்து சொல்றேன்" என்றான். பார்த்துக்கொண்டே இருந்தான். தாளில் அவன் கையெழுத்து விழுந்த அன்று வேன் போய்த் திரும்பியே இரண்டு நாளாகியிருந்தது.

போன எட்டுப் பெண்களும் மணிக்கட்டில் வளையல்போல் மஞ்சள் ரப்பர் பேண்டோடு பள்ளிக்கு வந்தார்கள். அதில் கருப்பாக 3 என்று போட்டிருந்தது. மூன்றாவது லெவலை முடித்தவர்களுக்கு மட்டும்தான் அது. மதியச் சாப்பாட்டில் பேண்ட் போட்டவர்கள் ஒரு வரிசையாக உட்கார்ந்தார்கள். யாரும் பூர்ணிமாவைப் போ என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. அவள் டிபன் பாக்ஸ் பாதி மிச்சத்தோடு வீட்டுக்கு வரத் தொடங்கியது.

பாண்டியன் பஜாரில் தேடி ஒரு மஞ்சள் பேண்ட் வாங்கி வந்தான். நிறம் சரியாக இருக்கிறதா என்று மூன்று கடைகளில் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வாங்கினான். பூர்ணிமா அதைக் கையில் வாங்கித் திருப்பினாள்.

"இதுல மூணு இல்ல."

"எழுதிக்கலாம்."

"எழுதினா அது பொய் பேண்ட்டுப்பா" என்று கட்டிலுக்கு அடியில் எறிந்துவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போகிறேன் என்று பாண்டியன் வாக்குக் கொடுத்தான். அந்த ஞாயிறு பார்த்துப் பூங்குழலியின் கம்பெனியில் ஷிப்மென்ட். அவள் தையல் லைனில் இருக்கிறாள், லீவு கிடையாது.

"நானும் பூர்ணிமாவும் போய்ட்டு வர்றோம். பரத்த எங்கியாவது விட்டுடலாம்" என்றான்.

பரத் கடைசிப் பிள்ளை. நான்கு வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது.

"எங்க விடுவ? அவன் இல்லாம உள்ளயே வுட மாட்டாங்களாம். மூணு பேர் இருந்தாதான் கதவு தொறக்குமாம். உம் பொண்ணு எல்லாம் விசாரிச்சு வெச்சிருக்கா" என்றாள் பூங்குழலி.

"நாலு வயசுக்காரன் இன்னாத்த ஆடுவான்?"

"அது உன் பாடு. நான் ஷிப்டுக்குப் போறேன்."

பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியதும் பரத் பஸ்ஸில் வாந்தி எடுத்தான். ஜன்னல் பக்கம் திருப்பலாம் என்று பாண்டியன் அவனைத் தூக்கினான். தூக்கிய வேகத்தில் அது பாண்டியனின் சட்டையில் விழுந்தது. சத்துவாச்சாரியில் இறங்கி ஒரு குழாயில் சட்டையைக் கழுவி, ஈரத்தோடே மூன்றாம் மாடிக்கு ஏறினார்கள். லிப்ட் இருந்தது. பரத்துக்கு லிப்ட் பயம். படிகளில் ஏற மறுத்ததால் பாண்டியன் தூக்கிக்கொண்டு ஏறினான்.

உள்ளே ஏசி குளிரில் ஈரச் சட்டை முதுகில் ஒட்டியது. கருப்புச் சுவர், காதைப் பிடுங்கும் பாட்டு, எங்கே பார்த்தாலும் பிள்ளைகள். வெளிச்சம் மேலேயிருந்து வராமல் தரையிலிருந்து வந்தது. அதில் எல்லோருடைய முகமும் கீழிருந்து ஒளி வாங்கி, பழக்கமில்லாத முகமாகத் தெரிந்தது. பாண்டியன் வழக்கம்போல் நின்று பார்க்கத் தொடங்கினான்.

"அப்பா, டைம் ஓடுதுப்பா!" என்று பூர்ணிமா இழுத்தாள்.

கருப்பு டி-ஷர்ட் போட்ட கோபி என்ற இளைஞன்தான் அங்கே எல்லாம். டிக்கெட் கிழிப்பதும் அவன், கதவு திறப்பதும் அவன். "செருப்பு ராக்குல வெச்சிருங்க சார். சாக்ஸ் கம்பல்சரி. முக்கா மணி நேரம் உங்களுக்கு. எத்தன வாட்டி வேணாலும் ஆடலாம், ஆனா ஒவ்வொரு வாட்டியும் கியூல வரணும்" என்று ஒரே மூச்சில் சொன்னான். அடியில் ரப்பர் புள்ளி வைத்த சாக்ஸ் மூன்று ஜோடி கொடுத்தான். பாண்டியன் தன் ஜோடியைத் திருப்பித் தையலைப் பார்ப்பதற்குள் பரத் தன் சாக்ஸை இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு கோபியைக் குத்தப் போயிருந்தான்.

ஆட்டம் கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது. தரை முழுக்கச் சதுரச் சதுரமாகக் கண்ணாடிக் கட்டைகள். நீலமாக எரிவதை மிதித்தால் அது அணைந்துவிடும். எல்லா நீலத்தையும் ஒரு நிமிடத்துக்குள் அணைத்தால் அந்த லெவல் முடிந்தது. சிவப்பை மிதித்தால் ஒரு உயிர் போகும். மூன்று பேருக்கும் சேர்த்து ஐந்து உயிர். சுவரில் ஐந்து இதயங்களாக எரியும். மூலையில் நாலு கட்டை பச்சை. அதில் நிற்கலாம், ஒன்றும் ஆகாது. தோற்றால் மறுபடி முதல் லெவலிலிருந்து.

முதல் முறை கதவு திறந்தது. உள்ளே போனதும் பாண்டியன் இரண்டு பிள்ளைகளின் கையையும் பிடித்துப் பச்சையில் நிறுத்தினான்.

"இருங்க. மொதல்ல மொத்தத்தையும் ஒரு வாட்டி பாத்துக்கலாம்."

"பாக்கக் கூடாதுப்பா, ஓடணும்!"

"பாக்காம ஓடினா சேப்புலதான் போய் நிப்ப. இரு."

அவன் பார்த்தான். சிவப்பு ஓரங்களில் இருந்தது. நீலம் நடுவில் ஜாஸ்தி, வாசல் பக்கம் கம்மி. இங்கிருந்து தொடங்கி இப்படி வளைந்து போனால் ஒரு காலடி கூட வீணாகாது. படம் மனசில் ஏறியது. "ஆங், வா இப்ப" என்று அவன் கையை விட்ட நொடியில் விளக்குகள் எல்லாம் அணைந்து, சுவரில் ஒரு அழுமூஞ்சி பொம்மை வந்தது. நிமிடம் முடிந்துவிட்டது. ஐந்து உயிரும் அப்படியே இருந்தன. ஆட்டம்தான் போயிருந்தது.

கதவைத் திறந்த கோபி உதட்டைக் கடித்துக்கொண்டு, "நீங்க ஆடவே இல்லியே சார்" என்றான்.

பூர்ணிமா வரிசையின் கடைசியில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். அவள் அழுதிருந்தால் கூடப் பரவாயில்லை என்று பாண்டியனுக்கு இருந்தது.

"அடுத்த வாட்டி நிக்க மாட்டேன். உள்ள போனதும் ஓட்டம்தான்" என்றான்.

"ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்."

இரண்டாவது முறை அவன் ஓடினான். பூர்ணிமா ஓடினாள். நீலம் படபடவென்று அணைந்தது. முப்பத்தாறு வயதில், ஈரச் சட்டையோடு, ரப்பர் புள்ளி சாக்ஸில் எம்பி எம்பிக் குதிக்கும்போது இது நடந்துவிடும்போலத்தான் இருந்தது. அப்போது 'ட்ரீஈஈங்' என்று தரை அலறியது. பரத் ஒரு சிவப்புக் கட்டை மேல் நின்று வாயைப் பிளந்து சிரித்தான்.

"டேய், சேப்புல மிதிக்காதடா!"

"அது கத்துதுப்பா!"

"கத்தும்டா! அதான் மிதிக்காதன்றேன்!"

நீலத்தை மிதித்தால் அது சத்தமில்லாமல் அணைந்துபோகிறது. சிவப்பை மிதித்தால் அறையே அலறுகிறது, அப்பா அலறுகிறார், அக்கா அலறுகிறாள். நான்கு வயதுக்காரன் எதை மிதிப்பான்? பரத் அடுத்த சிவப்புக்குத் தாவினான். அதற்கடுத்ததற்கும். பாண்டியன் அவனைப் பிடிக்கப் போய்த் தானும் ஒன்றை மிதித்தான். பதினோரு விநாடியில் ஐந்து இதயங்களும் அணைந்தன. பரத் கைதட்டினான்.

வெளியே வந்ததும் பூர்ணிமா தம்பியின் முதுகில் ஒன்று வைத்தாள். அவன் வீறிட்டான். வரிசையில் இருந்த ஒரு அம்மாள், "சின்னப் புள்ளய போய் அடிக்கலாமா பாப்பா?" என்றாள். பூர்ணிமா அந்த அம்மாளையும் முறைத்தாள்.

பாண்டியன் கோபியிடம் போனான். "தம்பி, நாங்க ரெண்டு பேரு மட்டும் ஆடிக்கறமே. இவன் இங்கியே உக்காந்திருக்கட்டும்."

"மூணு பேர் மினிமம் சார். ரூல்."

"அப்ப இவன தூக்கிக்கினு ஆடறேன். கால் தரையில படாதுல்ல?"

"புள்ளைங்கள தூக்கிட்டு ஆடக் கூடாது சார். போன மாசம் ஒருத்தர் தூக்கிட்டு ஓடி, வழுக்கி..." என்று தன் முன்பல்லைத் தொட்டுக் காட்டினான்.

அவனிடம் இதே விஷயத்துக்காக வேறு இரண்டு பெண்கள் ஏற்கெனவே வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் நர்சிங் படிப்பவர்கள். வர வேண்டிய மூன்றாவது தோழிக்கு டியூட்டி மாறிவிட்டதாம். அதில் கண்ணாடி போட்டவள், "அண்ணா, ரெண்டு பேர்தான் இருக்கோம்னா நாங்க இன்னா பண்ண முடியும்? வழியில போறவங்கள கூப்ட முடியுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "கூப்ட்டுக்கோங்க" என்றான் கோபி. பாண்டியன் அவர்களைப் பார்த்தான். அவர்கள் பரத்தைப் பார்த்தார்கள். வேண்டாம் என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

மூன்றாவது முறை வரிசையில் இன்னும் ஒரு குடும்பம்தான் முன்னால் நின்றது. பரத் பாண்டியனின் சட்டை நுனியை இழுத்தான்.

"ப்பா. ஒண்ணுக்கு."

"இரு, ஆடிட்டுப் போலாம்."

"வருது."

பாண்டியன் அவன் முகத்தைப் பார்த்தான். பொய் இல்லை. சாக்ஸோடு டாய்லெட்டுக்குப் போகக் கூடாது என்று போர்டு. சாக்ஸைக் கழற்றி, செருப்பைத் தேடி, கூட்டிப் போய், நிற்க வைத்தால் வரவில்லை. குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்தான், வந்தது. கை காய வைக்கும் மெஷின் 'ஹோ' என்று காற்று விட்டதும் பரத்துக்கு அது பிடித்துப்போய், அங்கேயே நின்றுவிட்டான். சிவப்புக் கட்டைக்கு அடுத்தபடியாக இந்த மாடியில் அவனுக்குப் பிடித்தது அதுதான். அவனை அக்குளில் இடுக்கிக்கொண்டு, சாக்ஸை மறுபடி மாட்டி வந்து பார்த்தால், கதவுக்குள் வேறு யாரோ குதித்துக்கொண்டிருந்தார்கள். பூர்ணிமா வரிசைக்கு வெளியே, தனியாக நின்றாள்.

"கூப்ட்டாங்கப்பா. நான் ஒருத்தி கைய தூக்கினேன். மத்தவங்க எங்கன்னாங்க."

பாண்டியனுக்குச் சுருக்கென்றது. சுவர்க் கடிகாரத்தில் இருபது நிமிடம் மிச்சம். மறுபடி வரிசையில் நின்றார்கள். அந்தக் காத்திருப்பில் அவன் பரத்தைத் தன் முன்னால் நிறுத்தி, குந்தி உட்கார்ந்து, பேசினான். தோலில் குறை தேடுவது பற்றி அவன் இதுவரை யாருக்கும் வாயால் சொல்லித் தந்ததில்லை. இப்போது நான்கு வயதுக்காரனுக்குச் சொன்னான்.

"டேய், உனக்கு ஒரு வேல. பெரிய வேல. சேப்பு எங்க இருக்குதுன்னு நீதான் காட்டணும். அந்தப் பச்சை மேல நின்னுக்கினு, கைய நீட்டி, அங்க அங்கன்னு கத்தணும். மிதிச்சா வேல போய்டும்."

"சம்பளம்?"

"ஐஸ்கிரீம்."

"ரெண்டு."

"ரெண்டு."

கதவு திறந்தது. பரத் பச்சையில் ஏறி நின்று, டிராபிக் போலீஸ் மாதிரி இரண்டு கையையும் நீட்டி, "அங்க! அங்க! அங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினான். பாதி நேரம் நீலத்தைக் காட்டித்தான் கத்தினான். ஆனால் நகரவில்லை. அது போதும். முதல் லெவல் முடிந்தது. இரண்டாவதில் சிவப்பு ஒரு வரிசையாக மெதுவாக ஊர்ந்தது, அதையும் தாண்டினார்கள். சுவரில் ஐந்து இதயமும் எரிந்தன. 'லெவல் 3' என்று பெரிதாக வந்தது. பூர்ணிமா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். இரண்டு வாரமாக அவன் பார்க்காத முகம்.

மூன்றாவதில் சிவப்பு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. வேகமாக வந்தது. பாண்டியனின் கண் ஒரே பார்வையில் தரை முழுவதையும் எடுத்துக்கொண்டது. அதோ அந்த மூலையில் மூன்று நீலம். நடுவில் ஒரு கட்டை சும்மா இருக்கிறது. அதை மிதித்து அங்கே போகலாம். கணக்கு கச்சிதம். தாவினான். தரை அலறியது.

பதினான்கு வருஷமாக அவன் பார்த்த குறைகள் எல்லாம் வைத்த இடத்தில் இருந்தவை. உண்ணி கடித்த தழும்பு சாயங்காலம் வந்து பார்த்தாலும் அங்கேயேதான் இருக்கும். இந்தச் சிவப்பு அப்படி இல்லை. அவன் பார்த்த இடத்தில் இல்லாமல், அவன் காலை வைக்கும் இடத்தில் இருந்தது. பின்வாங்கினான், அங்கேயும் அலறியது.

"அப்பா, அது நகருதுப்பா!"

"தெரியுது, தெரியுது!"

"தெரிஞ்சா ஏன் மிதிக்கற!"

அவளும் பதற்றத்தில் ஒன்றை மிதித்தாள். "அங்க! அங்க!" என்று பரத் சந்தோஷமாகக் கத்தினான். எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் பாண்டியன் ஒரு சுற்றுச் சுற்றியதில் இன்னும் ஒரு அலறல். ஒரே ஒரு இதயம். தரையில் நான்கே நான்கு நீலம். பூர்ணிமா இரண்டை அணைத்துவிட்டாள். மீதி இரண்டு அவன் காலடியில். அவன் கால் தூக்கினான். சிவப்பு ஓடி வந்து அவன் பாதத்துக்குக் கீழே நின்றுகொண்டது.

வெளியே வந்ததும் பூர்ணிமா செருப்பு ராக்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். முதுகு குலுங்கியது.

"பாப்பா..."

"நீதாம்பா மிதிச்ச. தம்பி கூட மிதிக்கல. நீ மிதிச்ச."

பாண்டியன் அவளுடைய தோளைத் தொட்டான், அவள் தட்டிவிட்டாள். பரத் கையை நீட்டி, "ரெண்டு ஐஸ்கிரீம்" என்றான். கடிகாரத்தில் ஆறு நிமிடம். வரிசையில் பத்துப் பேர். இனி அவர்கள் முறை வராது. நாளைக்குத் திங்கட்கிழமை. அந்த மதியச் சாப்பாட்டு வரிசை பாண்டியனின் கண்முன் விரிந்தது. அதில் எங்கே குறை என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்தது.

கதவருகே கோபி கத்தினான். "அடுத்தது யாரு? நர்சிங் அக்கா ரெண்டு பேரு. மூணாவது ஆள் வந்துட்டாங்களா இல்லியா? இல்லன்னா அடுத்த டீம கூப்டறேன்."

கண்ணாடி போட்டவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். ராக்கில் சாய்ந்து அழும் பூர்ணிமாவைப் பார்த்தாள். நேரே வந்தாள்.

"அங்கிள், பாப்பாவ எங்க கூட அனுப்பறீங்களா? பாத்துட்டேதான் இருந்தோம், சூப்பரா ஓடறா. எங்களுக்கு ஒரு ஆள் கம்மி."

பூர்ணிமாவின் குலுக்கல் நின்றது. திரும்பவில்லை.

பாண்டியன் அந்தப் பெண்ணைப் பார்த்தான். இருபது வயது இருக்கும். எந்த ஊர்? கூட இருப்பவள் யார்? அந்த அறைக்குள் பூர்ணிமா விழுந்தால் யார் தூக்குவார்கள்? கோபி ஒரு டேப்லெட்டை நீட்டினான். "பத்து வயசுக்குக் கீழன்னா பேரன்ட்ஸ் சைன் வேணும் சார். படிச்சிட்டு வெரலால போடுங்க. சீக்கிரம் சார், கியூ நிக்குது." திரையில் பொடி எழுத்தில் ஒரு பக்கம் முழுக்க ஆங்கிலம். பாண்டியன் முதல் வரியைப் படிக்கத் தொடங்கினான்.

"அப்பா" என்றாள் பூர்ணிமா. கண் சிவந்து, மூக்கு ஒழுகியபடி. "பாத்தது போதும்ப்பா."

அவள் கத்திச் சொல்லவில்லை. ஒன்பது பிள்ளைகளில் ஒருத்தியை மட்டும் விட்டுவிட்டு வேன் போன அன்றும் அவள் கத்தவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் தைத்தது. பாண்டியன் விரலால் ஒரு கோடு இழுத்தான். அது அவனுடைய கையெழுத்து மாதிரியே இல்லை.

"போ. ஓடு."

அவள் போய்விட்டாள். கதவு மூடியது. கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் பரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பதைத் தவிர அவனுக்கு ஒரு வேலையும் இல்லை. உள்ளேயிருந்து சத்தம் கேட்கவில்லை. மூன்று பேர் நீல வெளிச்சத்தில் மீன்களைப்போல் வளைந்து வளைந்து போனார்கள். முதல் லெவல். இரண்டாவது. மூன்றாவதில் ஒரு இதயம் போனது, இன்னொன்று போனது, இரண்டும் கண்ணாடிக்காரி. பூர்ணிமா தரை முழுவதையும் பார்க்கவில்லை. தன் காலுக்கு முன்னால் இருக்கும் ஒரே ஒரு கட்டையை மட்டும் பார்த்தாள். அது அணைந்ததும் அடுத்தது. படம் ஏதும் போடாமல், கணக்கு ஏதும் இல்லாமல், எவ்வளவு மோசமான முறை! கம்பெனியில் யாராவது இப்படி வெட்டினால் அப்துல் ஹமீத் பாய் வெளியே அனுப்பிவிடுவார்.

"லெப்ட்ல! லெப்ட்ல வருது பாப்பா!" என்று பாண்டியன் கண்ணாடியைத் தட்டினான்.

"கேக்காது சார். தட்டாதீங்க சார்" என்றான் கோபி.

"அங்க! அங்க!" என்று பரத்தும் சேர்ந்து தட்டினான்.

கடைசி நீலம் வாசல் பக்கத்தில் எரிந்தது. சிவப்பு இரண்டு பக்கமும் நெருங்கியது. பூர்ணிமா எம்பினாள். அறை முழுக்கப் பச்சையாக எரிந்தது. இரண்டு பெண்களும் அவளைத் தூக்கிச் சுற்றினார்கள். வாய் அசைவது தெரிந்தது. என்ன கத்துகிறாள் என்று கேட்கவில்லை.

கோபி ஒரு டப்பாவிலிருந்து மஞ்சள் பேண்ட் எடுத்து அவள் கையில் மாட்டினான். அவள் அதைத் திருப்பி 3 மேல் பக்கம் வரும்படி வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் பரத் ஐஸ்கிரீமை மறந்து, தனக்கும் அது வேண்டும் என்று தரையில் விழுந்தான். கோபி ஒரு ஸ்டிக்கர் கொடுத்தான். அது மஞ்சள் இல்லை என்று அதன் மேலேயே உருண்டான். நான்தான் காட்டினேன், நான்தான் காட்டினேன் என்ற அவன் அழுகை மூன்று மாடிப் படியும் இறங்கி, ரோட்டைக் கடந்து, பஸ் ஏறும்வரை ஓயவில்லை. இரண்டு ஐஸ்கிரீமும் அழுதுகொண்டேதான் தின்றான்.

பஸ்ஸில் ஒருவழியாகப் பாண்டியனின் இடது தோளில் தூங்கிப்போனான். தோளும் மரத்துப்போனது. கொஞ்சம் அசைந்தால் எழுந்துவிடுவான், எழுந்தால் பேண்ட். பாண்டியன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். ஜன்னலோரம் பூர்ணிமா கையை வெயிலில் நீட்டி வைத்திருந்தாள்.

"கைய உள்ள இழு."

இழுத்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும், "அப்பா" என்றாள்.

"ம்."

"யாரோட ஆடினேன்னு நாளைக்கு இரம் கேப்பா."

"அந்த அக்காங்களோடன்னு சொல்லு. அதானே நெஜம்."

"உன்னோடயும் ஆடினேன்னு சொல்லுவேன். நீ சேப்புல மிதிச்சத மட்டும் சொல்ல மாட்டேன்."

"சரிம்மா."

"அம்மாகிட்ட சொல்லுவேன்."

"அம்மாகிட்ட எதுக்கு?"

"அஞ்சு உயிருல நாலு நீதான் மிதிச்சன்னு."

"மூணு."

"நாலுப்பா."

"எண்ணிப் பாரு. மொத ஒண்ணு, அப்புறம் பின்னால வந்தப்ப ஒண்ணு, கடைசில ஒண்ணு. மூணு."

"சுத்தினல்ல, அப்ப ஒண்ணு. நாலு" என்றாள் அவள், ஜன்னலிலிருந்து திரும்பாமலே.